இயற்கணிதப் பாடமொழியில் சொல்லும் தொடரும்: கொங்கு வட்டாரக் கலைச்சொல் மரபை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்வழிக் கணிதக் கல்வி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொற்களைச் சுற்றியே நடைபெற்று வந்துள்ளன. சேலம், பெரியநாயக்கன்பாளையம், கோயம்புத்தூர் ஆகிய கொங்கு வட்டார மையங்கள் இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. எனினும், இயற்கணிதத்தை முதன்முதலாகக் கற்கும் மாணவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு சொல்லில் இருப்பதைவிடத் தொடரிலேயே மிகுதியாக உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தமிழின் தொடரமைப்பு, வேற்றுமை உருபுகள், வினையெச்ச அடுக்கு ஆகியவை இயற்கணிதக் குறியீட்டுக்கு எங்ஙனம் துணைசெய்கின்றன, எங்கு இடர் தருகின்றன என்பதை மாதிரித் தொடர்கள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இயற்கணிதம், கலைச்சொல், தொடரமைப்பு, வேற்றுமை, வினையெச்சம், கணக்கதிகாரம், கொங்கு நாடு, தமிழ்வழிக் கல்வி

முன்னுரை

எண்கணிதத்திலிருந்து இயற்கணிதத்துக்கு மாறும் இடமே பள்ளிக் கணிதத்தின் கடினமான படிகளுள் ஒன்று. அதுவரை விடையை நோக்கி எண்களைக் கையாண்ட மாணவர், இப்போது அறியாத ஒன்றுக்குப் பெயரிட்டு, அதனை அறிந்தது போலவே கையாள வேண்டியவராகிறார். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் கற்பித்தல் குழு, கணிதம் குறித்த அச்சத்தையும் தோல்வி உணர்வையும் தலையாய சிக்கல்களாகச் சுட்டியது. குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கல்வியின் நோக்கம் எனவும் அது வரையறுத்தது. சிந்தனை மொழியில் நிகழ்வதாயின், பாடநூலின் மொழியும் ஆய்வுக்குரிய பொருளே ஆகும்.

தமிழியல் ஆய்வில் அறிவியல் தமிழ் ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. அதன் ஆய்வுகளில் மிகுதி சொல்லாக்க நெறிமுறைகளைப் பற்றியவை. ஒரு கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது, அதன் சொற்றொடர் எவ்வாறு சமன்பாடாக மாறுகிறது என்னும் வினாக்கள் தமிழாய்வாளரின் கவனத்தை அந்த அளவுக்குப் பெறவில்லை. கணக்கின் மொழி கணித ஆசிரியரின் பொறுப்பு எனத் தமிழ்த் துறையும், மொழி தமிழாசிரியரின் பொறுப்பு எனக் கணிதத் துறையும் விட்டுவிட்ட இடைவெளி இது.

இங்குக் காட்டப்படும் கணக்குத் தொடர்கள் ஆய்வின் பொருட்டு அமைக்கப்பட்ட மாதிரிகள். பாடநூல்களில் அச்சிடப்படும் எக்ஸ், ஒய் முதலிய உரோமன் எழுத்துகளுக்கு மாற்றாகத் தமிழ் எழுத்துகளே இங்குக் குறிகளாக ஆளப்படுகின்றன.

கொங்கு வட்டாரமும் கலைச்சொல் மரபும்

1916ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் ஆகிய துறைகளின் சொற்களை எளிய தமிழில் தருவது அதன் நோக்கம். கல்லூரியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் ஆங்கிலமே கோலோச்சிய காலத்தில் எழுந்த முயற்சி என்பதால் அதன் வரலாற்று மதிப்பு மிகுதி.

1930இல் தி. சு. அவினாசிலிங்கம் தொடங்கிய இராமகிருஷ்ண வித்தியாலயம், பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்து தமிழ்வழிக் கல்விக்கு ஒரு களமாயிற்று. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவரது முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் உருப்பெற்றது. அக்கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி 1968இல் நிறைவுற்றது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், ஈரோட்டுப் பகுதியில் பிறந்தவர். கணிதம் பயின்றவர். கோபிசெட்டிபாளையத்திலும் வித்தியாலயத்திலும் ஆசிரியப் பணி ஆற்றியவர். கவிஞர், இசைப்பாடல் ஆசிரியர் எனப் போற்றப்படும் தூரனைக் கணித ஆசிரியராகக் கண்டு ஆராயும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.

கோயம்புத்தூரில் ஜி. ஆர். தாமோதரன் 1940களின் இறுதியில் தொடங்கிய கலைக்கதிர், அறிவியலைத் தமிழில் எழுதும் ஒரு தலைமுறையை உருவாக்கியது. 1960இல், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்தபோது, கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் கலைப் பாடங்களுக்குத் தமிழ் பயிற்றுமொழியாகச் சோதனை முறையில் அறிமுகமாயிற்று. தமிழில் உயர்கல்வி இயலுமா என்னும் வினாவுக்குக் கொங்கு மண் செயலால் விடைகூற முற்பட்ட தருணம் அது.

இவ்வரலாற்றில் இரு போக்குகள் இணைந்தே செல்கின்றன. ஒன்று, சொற்பட்டியல் உருவாக்கும் போக்கு. மற்றொன்று, அறிவியலை உரைநடையில் சொல்லிக்காட்டும் போக்கு. சொல்லாக்கச் சங்கம் கண்ட இராஜாஜியே பின்னர்த் 'திண்ணை ரசாயனம்' எழுதினார். பட்டியலின் எல்லை அதனை உருவாக்கியவருக்குப் புலப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அந்நூலின் இருப்பே சான்றெனக் கொள்ளலாம். ஆனால் பள்ளிப் பாடநூல்களுக்குள் நிலைபெற்றது முதற்போக்கின் விளைவு. சொற்கள் தரப்படுத்தப்பட்டன, அவற்றை ஏந்திச்செல்லும் தொடர்களுக்கு அத்தகைய கவனம் வாய்க்கவில்லை.

கலைச்சொற்கள்: ஒரு மதிப்பீடு

துறையின் பெயரிலிருந்தே தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் கறல் விசுவநாதபிள்ளை 1855இல் வெளியிட்ட நூல் 'வீசகணிதம்' என்னும் பெயர் தாங்கியது. வடமொழி மரபில் 1150இல் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய நூலின் பெயரை அடியொற்றிய ஆட்சி இது. இலங்கைத் தமிழர் இன்று வழங்கும் சொல் 'அட்சரகணிதம்'. எழுத்தைக் கொண்டு செய்யும் கணிதம் என அதன் பொருள் வெளிப்படை. தமிழ்நாட்டில் வழங்கும் 'இயற்கணிதம்' ஒலியில் இனியது. ஆயினும் அது எதைப் பற்றியது என்பதை மாணவருக்குத் தானாக உணர்த்துவதில்லை.

'சமன்பாடு', 'அடுக்கு', 'உறுப்பு', 'காரணி' ஆகியவை பொருள் விளங்கும் நல்லாக்கங்கள். 'மாறிலி' என்னும் சொல் இலக்கணத்துக்கு இயைந்த செறிவான ஆக்கம். 'கெழு' என்பதன் நிலை வேறு. தொல்காப்பியம் இதனை நிறம் என்னும் பொருள்தரும் உரிச்சொல்லாகக் காட்டுகிறது. எழுத்தோடு பெருக்கி நிற்கும் எண்ணுக்கு இச்சொல்லை ஆளும்போது பழஞ்சொல் ஒன்று வாழ்வு பெறுகிறது. ஆனால் பன்னிரண்டு வயது மாணவருக்கு அது வெறும் ஒலிக்கூட்டம். இலங்கை வழக்கான 'குணகம்' வடசொல்லாயினும், பெருக்கலைக் குறிக்கும் 'குணித்தல்' என்பதோடு உறவுடையது.

மிக நுட்பமான சிக்கல் 'மாறி' என்னும் சொல்லில் உள்ளது. அ + 3 = 7 என்னும் சமன்பாட்டில் அ மாறுவதில்லை; அது 4 மட்டுமே. அங்கு அது அறியாத எண். அ + ஆ = ஆ + அ என்னும்போது அவ்வெழுத்துகள் எல்லா எண்களுக்கும் பொதுவானவை. ஒன்று மாற மற்றொன்றும் மாறும் உறவைக் குறிக்கும்போதுதான் 'மாறி' என்னும் பெயர் முழுமையாகப் பொருந்துகிறது. இங்கிலாந்தில் டீட்மார் கூக்மன் 1981இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்கள் எழுத்தை ஆறு வகையாகப் பொருள்கொள்வதைக் காட்டியது. அவற்றுள் பிற்பட்ட மூன்றே மேலே கண்டவை. இத்துணை வேறுபட்ட பொருள்களையும் தமிழ்ப் பாடமொழி ஒரே சொல்லால் சுட்டுகிறது. வேறு மொழிகளிலும் இக்குறை உண்டு. ஆயினும் 'மாறி' என்பது வினையெச்சமாக அன்றாடம் வழங்கும் சொல்லாதலின், மாறாத ஒன்றை மாறி என்று அழைப்பதன் முரண் தமிழ் மாணவருக்குக் கூடுதலாக உறைக்கும். தொடக்க வகுப்பில் 'தெரியாத எண்' என்றே வழங்கி, உறவுகளைக் கற்பிக்கும் நிலையில் 'மாறி' என்பதை அறிமுகம் செய்வது இம்முரணைத் தவிர்க்கும்.

எனினும், இவை திருத்தக்கூடிய குறைகள். ஒரு சொல்லின் பொருள் விளங்காவிடினும், பத்து முறை பயன்படுத்தினால் அது பழகிவிடும். தொடர் அவ்வாறு பழகுவதில்லை. ஒவ்வொரு கணக்கிலும் அது புதிதாக வருகிறது.

தொடரமைப்பும் குறியீட்டு வரிசையும்

தமிழ் வினையை இறுதியில் கொள்ளும் மொழி. அடைகள் தலைமைச் சொல்லுக்கு முன் வரும் மொழி. இப்பண்பு இயற்கணிதக் கோவையை அமைப்பதற்குப் பெருந்துணையாகிறது. 'ஓர் எண்ணின் இருமடங்குடன் 3ஐக் கூட்டுக' என்னும் தொடரில், முதலில் எண் வருகிறது, அடுத்து அதன் இருமடங்கு, அதன்பின் 3, இறுதியில் கூட்டல். மாணவர் கேட்கும் வரிசையிலேயே அ, 2அ, 2அ + 3 எனக் கோவை வளர்கிறது. ஆங்கிலத்தில் இதே கருத்தைச் சொல்லும் வழக்கமான தொடரில் 3 முதலிலும் எண் கடைசியிலும் நிற்கும். மாணவர் இறுதியிலிருந்து பின்னோக்கி அமைக்க வேண்டும்.

அடைப்புக்குறியின் பணியைத் தமிழில் வினையெச்சம் செய்கிறது. 'ஓர் எண்ணுடன் 3ஐக் கூட்டி, வருவதை 2ஆல் பெருக்குக' என்னும் தொடரில் 'கூட்டி, வருவதை' என்பது அ + 3 என்பதை ஒரு பொருளாகக் கட்டிவைக்கிறது. (அ + 3) × 2 என்னும் வடிவம் இயல்பாகப் பிறக்கிறது. முன்னைய தொடரோடு இதனை ஒப்பிட்டால், அடைப்புக்குறி எதற்காக என்பதைத் தனி விதியாகச் சொல்லாமலே உணர்த்தலாம்.

இப்பண்பை நம் பழைய கணித நூலார் நன்கு பயன்படுத்தினர். காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தை அரியாமலே அதன் சுளைகளை அறிய ஒரு வழி கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வினையெச்சங்கள் அடுக்கி வர, செயல்வரிசை மனத்தில் பதிகிறது. திண்ணைப் பள்ளியின் நினைவுப் பயிற்சியையும் அளவை மரபையும் விரிவாக ஆராய்ந்த த. செந்தில்பாபு, அப்பயிற்சி வெறும் மனப்பாடம் அன்று, உழவும் வணிகமும் சார்ந்த கணக்குத் திறன் என்பதை நிறுவியுள்ளார். அம்மரபின் மொழிவளம் இன்றைய பாடநூலுக்கும் உரியது.

அதே வேளையில் அதன் எல்லையையும் மறைத்தல் கூடாது. விதி முன்னோக்கி மட்டுமே செல்கிறது. முட்கள் 50 எனில் சுளைகள் 60 என அது சொல்லும். சுளைகள் 60 எனில் முட்கள் எத்தனை எனக் கேட்டால், விதியைத் தலைகீழாக்க வேண்டும். அவ்விடத்தில்தான் இயற்கணிதம் பிறக்கிறது. பழைய நூல்களில் எல்லாம் உண்டு எனப் பெருமைகொள்வோர் இவ்வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். செயலை அடுக்கிச் சொல்லும் ஆற்றலைக் கணக்கதிகாரம் தருகிறது. அறியாததற்குப் பெயரிட்டு உறவை எழுதும் ஆற்றலை இன்றைய வகுப்பறைதான் தர வேண்டும்.

சமன்பாட்டை எழுதும்போது சொற்றொடரின் தேர்வு எத்துணை முதன்மையானது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் உள்ளனர் என்பதைச் சமன்பாடாக எழுதுமாறு அமெரிக்கப் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கேட்கப்பட்டது. ஜான் கிளமென்டும் அவர்தம் குழுவினரும் 1981இல் வெளியிட்ட முடிவின்படி 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆறை மாணவர் பக்கம் வைத்துச் சமன்பாட்டைத் தலைகீழாக்கினர். இதனைத் தமிழில் இருவகையாகச் சொல்லலாம்:

1. மாணவர் எண்ணிக்கை, பேராசிரியர் எண்ணிக்கையின் ஆறு மடங்கு.
2. ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் வீதம் உள்ளனர்.

முதல் தொடரில் சொல்வரிசையே மா = பே × 6 என்னும் சமன்பாடு. இரண்டாம் தொடர் 6மா = பே என்னும் பிழைக்கு வழிவிடுகிறது; ஏனெனில் அங்கு 'ஆறு மாணவர்' என்பது ஒரு தொகுதியின் படமாகவே மனத்தில் நிற்கிறது. இரண்டும் நல்ல தமிழே. முதல் தொடரில் தொடங்கி இரண்டாவதை அதனோடு ஒப்பிட்டுக் கற்பித்தால் பிழை குறையும் என எதிர்பார்க்கலாம். இதனை உறுதிசெய்ய வேண்டிய இடம் வகுப்பறை.

வேற்றுமை உருபு: கண்ணுக்குத் தப்பும் பொருள்

தமிழ்த் தொடரின் மற்றொரு சிறப்பே ஓர் இடராகவும் அமைகிறது. '12ஐ 3ஆல் வகுக்க', '3ஆல் 12ஐ வகுக்க' ஆகிய இரண்டும் ஒரே பொருளன. எது வகுபடுவது, எது வகுப்பது என்பதை உருபே காட்டுகிறது, வரிசை காட்டுவதில்லை. வாய்மொழியில் 'பன்னிரண்டை மூன்றால்' என்னும்போது உருபு சொல்லோடு கலந்து ஒலிக்கிறது. அச்சில் எண்ணுக்குப் பின் ஒட்டிக்கொண்டு நிற்கும் சிறு எழுத்தாக அது சுருங்கிவிடுகிறது. எண்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் படிக்கும் மாணவருக்கு இரண்டாம் தொடர் 3 ÷ 12 எனத் தோன்றுவதில் வியப்பில்லை. எண்ணின் இடத்தில் உரோமன் எழுத்து வரும்போது சிக்கல் மேலும் வலுக்கிறது: வேற்று எழுத்தொன்றின் பின்னால் ஓர் ஐகாரம் தொங்கி நிற்கும்.

'இருமடங்கு அதிகம்' என்பது மற்றோர் எடுத்துக்காட்டு. 'இவ்வாண்டு விளைச்சல் சென்ற ஆண்டைவிட இருமடங்கு அதிகம்' என்றால் அது சென்ற ஆண்டின் இருமடங்கா, மும்மடங்கா? பேச்சில் இருமடங்கு என்றே கொள்கிறோம். சொல்லுக்குச் சொல் கணக்கிட்டால் மும்மடங்கு வரும். கணக்கில் இத்தொடரைத் தவிர்த்து 'இருமடங்கு' என்றோ 'இருமடங்காயிற்று' என்றோ எழுதுவதே முறை.

இவ்விடத்தில் தமிழ்ப் பாடமும் கணிதப் பாடமும் சந்திக்கின்றன. வேற்றுமையைத் தமிழாசிரியர் எட்டாகப் பிரித்து, உருபுகளைப் பெயர்களோடு ஒட்டிப் பட்டியலாகக் கற்பிக்கிறார். அதே மாணவர் அடுத்த பாடவேளையில் 'ஐ', 'ஆல்', 'கு', 'இலிருந்து' ஆகிய உருபுகளைக் கவனிக்காமல் கணக்கைத் தவறவிடுகிறார். உருபு மாறினால் பொருள் மாறும் என்பதற்குக் கழித்தலையும் வகுத்தலையும் விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அறிவியல் பாடத்திலும் நிலை இதுவே: நேர்த்தகவு, எதிர்த்தகவு ஆகிய உறவுகளைச் சொல்லும் தொடர்களில் எது எதனைச் சார்ந்தது என்பதை உருபே உணர்த்துகிறது.

வட்டாரக் கணக்கும் வட்டாரத் தொடரும்

கணக்குகளை உள்ளூர் வாழ்வோடு இணைக்க வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பெரும்பாலும் இது பெயர்மாற்றத்தோடு நின்றுவிடுகிறது. ஆப்பிளுக்கு மாற்றாகத் தேங்காயும், தொழிற்சாலைக்கு மாற்றாக விசைத்தறியும் இடம்பெறுகின்றன; தொடர் மட்டும் ஆங்கில அச்சிலேயே நிற்கிறது. ஈரோட்டு மஞ்சள் வணிகத்தைப் பின்னணியாகக் கொண்ட இரு தொடர்களை ஒப்பிடலாம்:

1. ஒரு மஞ்சள் மூட்டையின் எடையானது, 30 மூட்டைகளின் நிகர எடை 1,920 கிலோவாக இருக்கும்போது, ஒவ்வொன்றிலிருந்தும் 1 கிலோ குறைக்கப்பட்டிருக்குமாயின், எவ்வளவாக இருக்கும்?

2. எல்லா மூட்டைகளும் ஒரே எடை. ஒவ்வொரு மூட்டையிலும் சாக்குக்கு 1 கிலோ போக, மீதிக்கே விலை. இவ்வாறு 30 மூட்டைகளுக்கு 1,920 கிலோவுக்கான விலை கிடைத்தது. ஒரு மூட்டையின் எடை என்ன?

முதல் தொடரில் அறியாத எண்ணை முன்வைத்துவிட்டு, அதனைப் பற்றிய செய்திகளைப் பின்னர்த் தந்து, வினாவை இறுதிக்குத் தள்ளியிருப்பதால் மாணவர் மூன்று செய்திகளை நினைவில் சுமக்கிறார். இரண்டாவது, மண்டியில் கணக்குப் பேசும் முறை. மூட்டையின் எடை அ, சாக்கு போக அ − 1, முப்பது மூட்டைக்கு (அ − 1) × 30, அது 1,920. தொடரின் வரிசையும் சமன்பாட்டின் வரிசையும் ஒன்றே. விடை 65 கிலோ என்பதை மாணவர் திரும்பவும் தொடரில் பொருத்திச் சரிபார்க்கலாம்.

இங்குப் 'போக' என்பது கழித்தற்குறி. 'ஆக' என்பது கூட்டுத்தொகை. சோழர் கல்வெட்டுகளிலேயே தொகை கூறும் இடத்தில் வருவது. 'வீதம்', 'தலா' ஆகியவை பெருக்கலைக் குறிக்கும். கொங்குப் பேச்சில் வழங்கும் 'எச்சு', 'கம்மி' என்பன ஒப்பீட்டைச் சுட்டுவன. பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' போன்ற பணிகள் வட்டாரச் சொற்களின் வளத்தைக் காட்டியுள்ளன. அச்சொற்களுள் அளவையும் உறவும் குறிப்பவற்றைத் தனியே தொகுத்தால் கணித ஆசிரியருக்குக் கருவியாகும். ஒரு கவனிப்பும் தேவை: 'ஆக' என்பது செயலின் முடிவைச் சொல்வது, சமன்குறி இருபுறமும் நிகர் என்பதைச் சொல்வது. சமன்குறியை 'விடை வரும்' என்று மட்டும் படித்துப் பழகிய மாணவர் 7 = அ + 3 என்பதைக் கண்டு திகைப்பார். பேச்சுவழக்கு வாயிலாகத் தொடங்கினும், சமன் என்னும் கருத்தைத் தராசின் வழியே தனியே கற்பித்தல் இன்றியமையாதது.

மாற்றுக் கருத்தும் மறுமொழியும்

கோயம்புத்தூரைச் சூழப் பொறியியல் கல்லூரிகள் நிறைந்துள்ளன. மாணவர்கள் எப்படியும் ஆங்கிலத்துக்கு மாறப்போகிறார்கள். பள்ளித் தமிழில் இத்துணைக் கவனம் எதற்கு என்னும் வினா எழலாம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியுள்ள நிலையில் இவ்வினா வலுவுடையதே. ஆனால் ஆங்கிலவழிப் பிரிவில் அமர்ந்திருக்கும் முதல் தலைமுறை மாணவரும், ஆங்கிலத்தில் அச்சிட்ட கணக்கைத் தமிழில்தான் விளங்கிக்கொள்ள முயல்கிறார். ஆசிரியரும் பலகையில் ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் விளக்குகிறார். அந்த விளக்கத்தின் தொடர் தெளிவாக இருந்தால் பயனடைவது இரு பிரிவினருமே. திருப்பூரில் வட மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரின் குழந்தைகள் தமிழை இரண்டாம், மூன்றாம் மொழியாகக் கற்றுக் கணிதமும் படிக்கின்றனர். அவர்களுக்கு, உருபு தெளிவாகவும் தொடர் குறுகியும் உள்ள கணக்கு சலுகை அன்று, உரிமை.

முடிவுரை

கலைச்சொல்லாக்கத்தில் கொங்கு வட்டாரம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே முன்கை எடுத்தது. அப்பணியின் அடுத்த படி, கணக்கின் தொடரை ஆய்வுப் பொருளாக்குவது. இக்கட்டுரை மூன்று பணிகளை முன்வைக்கிறது. முதலாவது, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான இயற்கணிதக் கணக்குகளின் தொடர்களைத் தொகுத்து, சொல்வரிசை, உருபு, தொடர் நீளம் ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்துவது. இரண்டாவது, ஒரே கணக்கை இருவேறு தொடரமைப்பில் தந்து மாணவர் எழுதும் சமன்பாடுகளை ஒப்பிடுவது. இதற்குப் பெருஞ்செலவோ கருவியோ வேண்டியதில்லை, ஒரு பள்ளியின் இரு பிரிவுகளே போதும். மூன்றாவது, வேற்றுமையும் வினையெச்சமும் கற்பிக்கும் தமிழ்ப் பாடவேளையில் கணக்குத் தொடர்களை எடுத்துக்காட்டாக ஆள்வது.

இம்மூன்றிலும் தமிழாய்வாளருக்கு இடமுண்டு. தமிழில் கணிதம் கற்க இயலாது என்னும் முடிவுக்கு ஒரு மாணவர் வருவாரானால், அதற்குத் தமிழ் காரணமா, தமிழில் எழுதப்பட்ட அந்தத் தொடர் காரணமா என்பதைப் பிரித்தறிந்து சொல்லும் கடமை தமிழ்த் துறைக்கே உரியது.